பிணமாகத் தடை

செவ்வாய்க்கிழமை தோறும் மாலையில், மோர்டன் என்ற ஆங்கிலேய ஊரிலுள்ள ஒரு தேவாலய மண்டபத்தில் இருபத்தைந்து பேர் கூடி ஒருவரையொருவர் கொல்கிறார்கள். கொன்று முடித்ததும், "சொறி லவ், நொந்துவிட்டதா?" என்று, எவரையும் 'லவ்' என்றே செல்லமாய் அழைக்கும் இந்நாட்டு வழக்கில், கேட்டுத் தேநீரும் பிஸ்கட்டும் நீட்டுகிறார்கள். ஊரிலிருந்து இதை வாசிப்பவரே, நான் ஒரு சொல்லையும் மிகைப்படுத்தவில்லை. தபால்காரரும் வங்கி ஊழியரும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் சேர்ந்து நடத்தும் அமெச்சூர் ஒபரா சங்கம் அது. நான் சேர்ந்த ஆண்டு அவர்கள் எடுத்துக்கொண்டது, இந்நாட்டவர் பலருக்குப் பாட்டெல்லாம் மனப்பாடமான ஒரு மியூசிக்கல். அதன் நடுவே, பசியால் திரண்ட கூட்டத்தைப் படையினர் சுட்டு வீழ்த்தும் காட்சி வரும்.

நான் பாடச் சேர்ந்தவள் அல்லேன், பேசச் சேர்ந்தவள். யாழ்ப்பாணத்தில் பாடசாலை விவாத அணியின் தலைவியாக நின்று, தோல்வி என்ற சொல்லை எதிரணிக்கே விட்டுக்கொடுத்தவள். இங்கு வந்தபின், வேலை செய்யும் சுப்பர்மார்க்கெற்றில் "பை வேண்டுமா?" என்பதைத் தவிர வேறெதையும் உரக்கச் சொன்னதில்லை. அந்தக் காட்சியிலோ ஒரு பெண் துவக்குகளுக்கு எதிரே வந்து ஒற்றை வரி முழங்குவாள்: "எங்களைச் சுடலாம், எங்கள் பசியைச் சுட முடியாது." இயக்குநர் மார்கிரட் அந்த வரியை எனக்குத் தந்தார். அதை இழப்பதைவிட வேலையை இழக்கலாம் என்று நினைத்தேன்.

"சொல்லி முடிச்சாப் பிறகு?" வீட்டில் கேட்டார் என் அக்கா.

"சுடுவினம். விழுவன்."

"ஓம், ஊரிலை விழுந்தது காணாதெண்டு இஞ்சையும் விழப் போறியோ? விசரி!"

வெடிச்சத்தத்துக்காக, மறைவில் ஒருவர் மரப்பலகையால் தரையில் ஓங்கி அறைவார். அதைக் கேட்டபின் நாம் விழவேண்டும். ரிகர்சல்களில் எனக்கு அது கைகூடவில்லை. படைவீரரின் சப்பாத்துச் சத்தம் கேட்ட கணமே நான் குப்புறக் கிடந்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவர்கள் அறியாதது இது. எனக்குப் பதினேழு வயது, இறுதி விவாதம். "எதிரணித் தலைவி கூறினார்..." என்று மறுப்புரையைத் தொடங்கினேன். முதல் ஷெல் பாடசாலை மதிலைப் பிளந்தது. நான் விழுந்தேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எதிரணித் தலைவி வதனா நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த ஷெல்லின் துண்டு அவள் கழுத்தைத் திறந்தது. அவளுடைய இரத்தம் மேடைப் பலகைகளின்மேல் ஊர்ந்து வந்து என் கன்னத்தை நனைத்தது. அன்று நான் தொடங்கிய வாக்கியத்துக்கு இன்றுவரை பயனிலை இல்லை.

கடைசி ரிகர்சலிலும் சிரிப்பு எழுந்தது. மார்கிரட் மேசையில் அறைந்தார். "சனிக்கிழமை நோ கோப்ஸிங்! யார் கோப்ஸ் செய்தாலும் வரியைப் பறிப்பேன்!" அப்போது அவர் கண் என்மீது இருந்தது.

கோப்ஸ் என்றால் பிணம். ஆங்கில அகராதியை நெட்டுருச் செய்தவளுக்கு இதில் என்ன ஐயம்? என் முழக்கத்தைக் கேட்டபின் இவள் சாகலாகாது என்று இயக்குநர் காட்சியையே மாற்றிவிட்டார் என முடிவு செய்தேன். நான் ஆற்றிய வாதங்களுள் இதற்கிணையான பிழை வேறில்லை.

சனிக்கிழமைப் பகற்காட்சி. வரியை முழங்கினேன். சப்பாத்துச் சத்தம் எழுந்தது; விழுந்தால் வரி போய்விடும் என்ற பயமே என்னை நிமிர்த்தி வைத்தது. பலகை அறைந்தது. எல்லோரும் சரிந்தார்கள், நான் நின்றேன். படைத்தலைவராக நடித்த தபால்காரர் டெரிக், "விழு, லவ்!" என்று முணுமுணுத்தார். பலகை மீண்டும் அறைந்தது. நின்றேன். வியர்த்துப்போன டெரிக் துவக்கின் அடிக்கட்டையால் என் தோளில் இடித்தார். மரத்துவக்குத்தான்; ஆனால் எலும்பு அதை அறியவில்லை. பிறகு நடந்தது நடிப்பன்று. துவக்கைப் பறித்து இரு கைகளாலும் அவர் முகத்தில் வீசினேன். மூக்கு உடைந்து, பிணங்களின்மேல் விழுந்தார். பிணமொன்று "ஜீஸஸ்!" என்று அலறியது. சபை ஆரவாரித்தது.

"ஏன் விழவில்லை?" என்று திரைக்குப்பின் மார்கிரட் கத்தினார்.

"பிணமாகக் கூடாதென்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

அறை முழுவதும் சிரிப்பு, மூக்கில் இரத்தம் பெருகப் பெருக டெரிக்கின் சிரிப்பும். மேடையில் அடக்க முடியாமல் சிரித்துவிடுவதைத்தான் இந்நாட்டு நாடகக்காரர் கோப்ஸிங் என்கிறார்களாம். நான் சிரிக்கவில்லை. டெரிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். வதனாவைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னேன். ஐஸ் துண்டை மூக்கில் அழுத்தியபடி டெரிக் சொன்னார்: "அப்படியென்றால் நீ என்னைக் குறைவாகத்தான் அடித்தாய்."

"வரி உன்னுடையதே. ஆனால் வெடி கேட்டபின் நீ விழவேண்டும்," என்றார் மார்கிரட்.

ஞாயிற்றுக்கிழமை. விவாத மேடையின் பழக்கம் என்னை திரைக்கோட்டைத் தாண்டி மேடை விளிம்புவரை நடத்திச் சென்றது. வரியைச் சொன்னேன். சப்பாத்துகள் நெருங்கின, நின்றேன். பலகை அறைந்தது. கேட்டேன். அதன்பின் விழுந்தேன். கேட்குமுன் விழுவது அங்கே உயிர்; கேட்டபின் விழுவது இங்கே கலை. திரை இறங்கி, சரியாக என் இடுப்பின்மேல் படிந்தது. உள்ளே இருட்டில் யாரோ என் கணுக்கால்களைப் பற்றி இழுக்கப் பார்த்தார்கள். வெளியே, கைதட்டும் அந்நியர்களுக்கு எதிரே, வெளிச்சத்தில் என் முகம் அசையாமல் கிடந்தது.