விமானக் கதவில் சிக்கிய கண்மணி

மலேசியாவின் கலும்பாங் ஊரில் பள்ளிக் கேண்டீனில் சமைக்கும் கண்மணிக்கு விமானப் பயணம் அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டு பியாட்ரிஸின் மகள் அலீசியா, வேலைக்குப் போன புதிதில், அம்மாவையும் கண்மணியையும் பங்கோர் தீவுக்கு அனுப்பி வைத்திருந்தாள். திரும்பும்போது கோலா சிலாங்கூருக்கு நேரே, கடல்மேல், அந்தச் சின்ன விமானத்தின் இயந்திரம் நின்றுபோனது.

மிதவைச் சட்டையைப் போடுங்கள், வெளியே போன பிறகுதான் அதை உப்பவைக்கும் கயிற்றை இழுக்க வேண்டும் என்று விமானி மலாயிலும் ஆங்கிலத்திலும் கத்தினார். கண்மணிக்கு நன்றாகவே புரிந்தது.

விமானம் தண்ணீரில் மோதி, துள்ளி, மறுபடி மோதி நின்றது. முழங்காலில் தண்ணீர் ஏறியதும் அவள் கை கயிற்றை இழுத்துவிட்டது. மற்றவர்கள் முன்கதவு வழியாக வெளியேற, உப்பிய சட்டையோடு பின்கதவில் சிக்கிக்கொண்டாள் அவள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

"போடி! போ!" பின்னாலிருந்து பியாட்ரிஸின் குரல். அப்புறம் தண்ணீர்ச் சத்தம்தான். முதுகில் ஓங்கி ஒரு முட்டு. கண்மணி கடலில் விழுந்தாள்.

மீன்பிடிப் படகுக்காரர்கள் எல்லாரையும் தூக்கினார்கள். பியாட்ரிஸை மட்டும் விமானி உள்ளே முங்கி இழுத்து வந்தார். உயிர் இருந்தது. ஆனால் சேற்றுத் தண்ணீர் நுரையீரலைக் கெடுத்துவிட்டது. மாதா கோயிலில் முன்னால் நின்று பாடியவளுக்கு இப்போது ஒரு வரிக்குக்கூட மூச்சு போதவில்லை.

மாரியம்மன் கோயிலில் கண்மணிக்கு மாலை போட்டார்கள். ஆத்தா செய்த அதிசயம் என்றார்கள். அவள் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். வீட்டில், சுவருக்கு அப்பால் பியாட்ரிஸின் இருமல் கேட்கும்போதெல்லாம் கையில் கரண்டி நின்றுவிடும். தினமும் கஞ்சி கொண்டுபோனாள், முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள்.

ஒரு நாள் பியாட்ரிஸ் கிண்ணத்தை வாங்காமல் அவள் கையைப் பிடித்தாள்.

"நீ மாட்டிக்கிட்டது எனக்குத் தெரியாதா? நான்தானே பின்னால நின்னேன்."

"சொல்லித்தான்க்கா குடுத்தாங்க... நாந்தான் உள்ளயே கயித்த இழுத்துட்டேன்."

"அன்னிக்கு ஒன்னை மனசுக்குள்ள அசிங்கமா திட்டினேன் லா. காப்பாத்தவா தள்ளுனேன்? நான் வெளிய போகணும்னுதான் தள்ளுனேன்." இருமல் வந்து அடங்கியது. "கோவம் இன்னும் போகலடி. அதுக்காக நீ வராம இருந்துடாதே."

கண்மணி முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் யாரோ மறுபடி அதிசயம் என்றார்கள்.

"அதிசயமில்ல. பியாட்ரிஸ் அக்கா தள்ளிவிட்டாங்க," என்றாள் கண்மணி. ஏன் தள்ள வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல மட்டும் இன்னும் வாய் வரவில்லை.