வாசவன் கையும் வண்டியின் கத்தலும்

சேர்த்தலையில் கால்வாய்ப் பாலத்தை ஒட்டி கார்களுக்கு மின்வேலை பார்க்கும் வாசவனுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, மோதப் போகிறாய் என்று பீப் பீப் கத்தும் சென்சார்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு அவன்தான் வைத்தியன். ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டு, பின் பம்பரில் பதிந்திருக்கும் நாலு வட்டங்களிலும் ஒவ்வொன்றாக விரலை வைப்பான். உயிருள்ளது விரலடியில் டிக்டிக்கென்று துடிக்கும். செத்தது சும்மா கிடக்கும். ஆனால் எந்த வண்டியானாலும் முதலில் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் தொடமாட்டான். குளிக்காதவனுக்கு நாடி பார்ப்பதில்லை என்பது அவன் கொள்கை. கொள்கைக்காரனோடு யார் வாதாடுவது?

அப்படிப்பட்ட கைக்கு ஓணம் கழிந்ததிலிருந்து என்ன கேடு வந்ததோ, சரிசெய்து அனுப்பிய வண்டிகளெல்லாம் திரும்பி வந்தன. ஏற்கெனவே நெடுஞ்சாலையில் புதிதாக வந்த ஷோரூம் பாதி வாடிக்கையைத் தின்றிருந்தது. மீதியும் முகம் சுளித்துக்கொண்டு வந்தது.

வாத்து வளர்க்கும் குரியச்சன் மறுபடியும் வந்து இறங்கினார்.

"டேய் வாசவா, பின்னாடி ஒரு ஈ காக்கா இல்ல. கியரைப் போட்டதும் கூப்பாடு! என் வாத்தெல்லாம் மிரண்டு போய் முட்டையே போடறதில்லடா."

வாசவன் கழுவினான். கியரைப் போட்டான். சத்தமே இல்லை.

"இங்க கத்தலையே, அச்சாயா."

"உன் கடையில பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நிக்கிற மாதிரி அடக்கமா நிக்குது. என் முற்றத்துக்கு வந்தாதான் சாமியாட்டம்!"

வண்டியை விட்டுவிட்டு அவர் டீக்கடைக்கு நடந்தார். வாசவன் எலி கடித்திருக்குமோ என்று ஒயரெல்லாம் தடவிப் பார்த்தான். சென்சார் ஒயர்கள் சேரும் பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தான். நன்றாக இருந்த சென்சாரையே கழற்றிப் புதிதாக மாட்டினான். குறை ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவனை அரித்தது. குறை கண்ணில் பட்டால் தீர்த்துவிடலாம். படாவிட்டால் கையைத்தானே சந்தேகப்பட வேண்டும்?

காலையில் மனைவி லதிகா கொண்டுவந்த புட்டும் கடலையும் ஆறிக் கிடந்தன. அவளும் பக்கத்திலேயே காத்திருந்தாள்.

"இந்த வண்டியும் திரும்பி வந்தா கடையை மூடிட்டு ஷோரூம்ல வேலைக்குச் சேந்துடறேன். கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க," என்றான். "என் கை போச்சு, லதிகே."

தன் பெயரைத் தானே எழுதி மாட்டிய கடை அது. சொல்லிவிட்டு அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்தான்.

"திரும்பி வராது, சேட்டா. நீங்க போய்க் கைகழுவிட்டு வந்து சாப்பிடுங்க," என்றாள் லதிகா.

வண்டியை ரிவர்ஸ் கியரிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் பின்னாலிருந்த குழாயடிக்குப் போனான். கையில் சோப்பு நுரை இருக்கும்போதே வண்டி அலறியது. ஓடி வந்து பார்த்தால், லதிகா பம்பருக்கு முன் குந்தியிருக்கிறாள். பகவதி கோயில் பிரசாதம் இலையில் இருக்கிறது. நாலு வட்டத்திலும் சந்தனத்தை அப்பி, மேலே தெச்சிப் பூவிதழை ஒட்டி, என்னவோ முணுமுணுக்கிறாள்.

"என்னடீ பண்றே?"

"நான் பக்கத்துல நிக்கிறதால கத்துது, சேட்டா," என்று அவள் தள்ளிப் போனாள். அலறல் நிற்கவில்லை.

"இதுக்கு முன்னாடியும் வச்சியா?"

"ஷோரூமுக்குப் பயந்து ஓணத்திலேருந்து எல்லா வண்டிக்கும் கிளம்பறதுக்கு முன்னாடி வைக்கிறேன். புகார்னு ஒரு வண்டியும் திரும்பக் கூடாது, தாயேன்னு வேண்டிக்கிட்டு. நாலு வட்டமும் பொட்டு வைக்கிறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே! மொதல்ல மெலிசாத்தான் வச்சேன். வண்டிங்க திரும்பி வர ஆரம்பிச்சதும் கெட்டியா அப்பினேன்."

வாசவன் குனிந்தான். கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் துடைத்தான். நாலாவது வட்டம் தெளிந்ததும் வண்டி வாயை மூடிக்கொண்டது. அவள் வைப்பதும், வண்டிக்காரர்கள் வைத்த பொட்டு என்று நினைத்து இவன் கழுவுவதுமாக இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

லதிகாவுக்கு மெல்ல விளங்கியது. "அப்போ... நானா?" என்றவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

டீ குடித்துவிட்டு வந்த குரியச்சன் விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "துடைக்கலாம்னுதான் நெனைச்சேன். உன் பொண்டாட்டி வேண்டிக்கிட்டு வச்சது, நான் எப்படிடா கை வைக்கறது?" என்றபடி வண்டியை எடுத்தார். வண்டி ஓசையில்லாமல் பின்னால் நகர்ந்தது.

வாசவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, தன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நினைப்பு உள்ளே இறங்கியதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இவ்வளவு நாளும் தனக்காக ஒருத்தி மன்றாடிக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது அதற்கும் பிறகுதான் உறைத்தது. அவன் கண்ணும் கலங்கியது.

"மிச்சம் இருக்கா?" என்று நெற்றியை நீட்டினான்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இலையை வழித்து, அழுத்தி வைத்தாள்.

"இது கத்தினா என்ன பண்றதாம்?"

"இது கல்யாணத்திலேருந்தே கத்திக்கிட்டுத்தான் இருக்கு," என்றாள் லதிகா. "புட்டைச் சாப்பிடுங்க."