பேனரில் வந்த கார்

என் சம்பந்தியின் தம்பிக்கு விழுப்புரத்தில் டிஜிட்டல் பேனர் கடை இருக்கிறது. மஞ்சள் நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி ஆகிய எல்லாவற்றிற்கும் முகங்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவர் தொழில். அத்தொழிலில் அவர் கெட்டிக்காரர் என்பதை நான் மறுக்கவில்லை. அவரை நான் வெறுக்கிறேன் என்பதை மறைக்கவும் இல்லை.

நான் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம் செய்து ஓய்ந்தவன். என்னிடம் வெள்ளை நிறத்தில் ஒரு பழைய கார் உண்டு. இன்னொருவர் ஓட்டித் தீர்த்த பிறகு என்னிடம் வந்தது. ஆயினும் நடுவழியில் என்னை நிறுத்தியதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்து முதன்முறையாக அவள் வீட்டிற்குச் சென்றபோது, வாசலில் நின்ற அந்தக் காரை, அதே வீட்டில் குடியிருக்கும் மேற்படியார் தம் கைப்பேசியில் படம் எடுத்தார். ஆசையாய் எடுக்கிறார் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை, உறவினர்களின் கைப்பேசிக் குழுவில் அந்தப் படம் வந்தது. என் காரின் சக்கரங்கள் கட்டை வண்டிச் சக்கரங்களாகியிருந்தன. முன்பக்கம் இரண்டு மாடுகள் பூட்டப்பட்டிருந்தன. கீழே ‘சம்பந்தி சவாரி’ என்று எழுதியிருந்தது. ஏதோ ஒரு மென்பொருளாம். அதில் வெட்டிய இடமும் தெரியாதாம், ஒட்டிய இடமும் தெரியாதாம். உண்மையில் தெரியவில்லை. மாட்டின் நிழல்கூடத் தரையில் சரியாக விழுந்திருந்தது. உறவினர் அனைவரும் சிரிக்கும் முகங்களை வரிசையாக அனுப்பினார்கள்.

அதன்பின் நாள் கிழமை தவறாமல் ஒரு படம் வந்தது. பொங்கலுக்கு என் காருக்குக் கொம்பு முளைத்து, கொம்பில் வர்ணமும் ஏறியது. மழைக்காலத்தில் அது துடுப்புப் போட்டுக்கொண்டு வீடூர் அணையில் மிதந்தது. ஒருமுறை கூரையின்மேல் வைக்கோற்போரே எழும்பியிருந்தது.

நான் பொறுத்துக்கொண்டேன். வியாபாரத்தில் இதைவிட இழிவான பேச்சையும் கேட்டவன் நான். ஆனால் ஒவ்வொரு படத்தையும் குழுவில் போடுமுன் அவர் என் மகளிடம் கொண்டுபோய்க் காட்டுவாராம். வீட்டிலுள்ளோர் அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்ப்பார்களாம். சிரித்தால் தகப்பனைப் பார்த்துச் சிரித்தவளாவாள். சிரிக்காவிட்டால் திமிர் பிடித்தவளாவாள். அவள் சிரித்தாள். இதை அடுப்படியிலிருந்து தாழ்ந்த குரலில் என்னிடம் தொலைபேசியில் சொன்னாள். சொல்லிவிட்டு, யாரோ வருகிறார்கள் என்று வைத்துவிட்டாள்.

ஒருநாள் அவர் கடைக்கே சென்று, இவ்வழக்கத்தை நிறுத்திக்கொள்ளலாமே என்று மரியாதையாகவே கேட்டுக்கொண்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வெளாட்டுக்குத்தான சம்பந்தி. வண்டிக்கு வலிக்கவா போவுது?” என்றார்.

வண்டிக்கு வலிக்காது. அதில் வந்து இறங்கியவள் உங்கள் வீட்டில் அல்லவா இருக்கிறாள் என்று கேட்டிருக்கலாம். பெண்ணைக் கொடுத்தவன் அந்த வீட்டாரிடம் எதைப் பேசினாலும் அது திரும்பி அவள் மேல்தான் விழும். எழுந்து வந்துவிட்டேன்.

பேரனுக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். விழுப்புரத்தில் மண்டபம். எங்கள் பக்கத்தில் தாய்மாமனாகிய என் மகன் சீர்வரிசையோடு வரவேண்டும். அவன் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். தாய்மாமனை வரவேற்று வீதியில் பேனர் வைப்பதும் இப்போது சடங்காகிவிட்டது. பேனருக்காக என் மகனின் படத்தைக் கேட்டார்கள். அவன் எங்கள் காரில் சாய்ந்து நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினான்.

மேற்படியார் அந்தப் படத்திலிருந்து எங்கள் காரைத் துடைத்தெறிந்தார். அவ்விடத்தில் கறுப்பு நிறத்தில் மிகப் பெரிய கார் ஒன்றை நிறுத்தினார். உறவினர் சிரிக்க எங்கள் கார் போதும். ஊர் பார்க்க அது போதவில்லை. என் மகனின் கை அந்தக் காரின் மேல் உரிமையோடு படிந்திருந்தது. தலைக்குமேல் ‘சீர்வரிசையுடன் வரும் தாய்மாமனே வருக’ என்ற வாசகம்.

எங்கள் ஊர்ப்பக்கப் பேனர்களில் பீரோவையும் கட்டிலையும் வண்டியையும் படமாகப் போட்டால், அவையெல்லாம் சீரில் வருகின்றன என்றே பொருள். ஊர் அப்படித்தான் படித்தது. சம்பந்தியம்மாளும் அப்படித்தான் படித்தார். கார் வருகிறதா என்று அவர் தம் கொழுந்தனைக் கேட்டதற்கு, “வரும் பாருங்க அண்ணி” என்று சொல்லிவிட்டு மேற்படியார் உள்ளுக்குள் சிரித்திருக்கிறார். அம்மாள் அதை நம்பிக் கண்டமங்கலத்திலுள்ள தம் பிறந்த வீட்டார் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

இவை எதுவும் அறியாமல் நாங்கள் மேளத்தோடு போய் இறங்கினோம். தட்டுகளைக் கையில் எடுத்தோம். வந்தவர்கள் தட்டுகளைப் பார்க்கவில்லை. எங்கள் காருக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார்கள். கண்டமங்கலத்துப் பெரியவர் ஒருவர் என் அருகில் வந்து, “பின்னாடி வருதுங்களா?” என்றார். எது என்று கேட்டேன். அவர் கையை உயர்த்திப் பேனரைக் காட்டினார்.

பேரனுக்குக் காது குத்தியாயிற்று. அவன் அழுகை அடங்குமுன், சம்பந்தியம்மாள் மண்டபம் கேட்கும்படி என் மகளிடம் சொன்னார்:

“உங்கப்பா காரு எப்ப வரும்னு கேளும்மா. ஊரெல்லாம் சொல்லிக்கினு வந்திருக்கறேன். இப்ப மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?”

மகள் தன் கணவனைப் பார்த்தாள். மாப்பிள்ளை கைப்பேசியில் ஆழ்ந்திருந்தார். மேற்படியார் தூணில் சாய்ந்தபடி, “வுடுங்க அண்ணி, வெளாட்டுக்குப் போட்டது” என்றார். அப்போதும் அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது.

“காரு எங்கப்பா கிட்ட இல்லீங்க அத்தை,” என்றாள் மகள். குரல் உயரவில்லை. “சின்ன மாமா கம்ப்யூட்டர்ல இருக்குது. சாவிய அவரையே கேளுங்க.”

பந்திக்கு நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். மேற்படியார் முகம் கறுத்து, தூணை விட்டு நகர்ந்து வெளியே போனார். எனக்கு மனம் குளிர்ந்தது. அதை எழுத நான் கூசவில்லை.

ஆனால் நான் அன்று மாலையே திண்டிவனம் திரும்பிவிட்டேன்; அவள் அந்த வீட்டிற்குத் திரும்பினாள். மாமியார் அவளிடம் பேச்சை நிறுத்தினார். சின்ன மாமாவிடம் மன்னிப்புக் கேள் என்றார் மாப்பிள்ளை. அவள் கேட்கவில்லை. குழுவிலிருந்து அவளையும் என்னையும் நீக்கிவிட்டார்கள். நீக்கிய பிறகும் அதில் படங்கள் வருவதாகக் கேள்வி. நான் நேரில் போய்ப் பேசிவிடுவதென்று புறப்பட்டபோது மகள் தடுத்தாள்.

“கொஞ்ச நாளைக்கு வூட்டுக்கு வராதீங்கப்பா. நீங்க வந்தா பேஜாருதான், மறுபடி ஆரம்பிப்பாங்க. நானே புள்ளயத் தூக்கிக்கினு கூட்டேரிப்பட்டு வர்றேன்.”

அவ்வண்ணமே நடக்கிறது. அவள் விழுப்புரத்திலிருந்து பேருந்தில் வந்து, இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள கூட்டேரிப்பட்டில் இறங்குவாள். நான் டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்திக் காத்திருப்பேன். பேரனை மடியில் வைத்துக்கொள்வேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உறுமுவான். திரும்பிப் போகும் பேருந்து வரும்வரை மூவரும் காருக்குள்ளேயே இருப்போம். அந்த வீட்டைப் பற்றி நான் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

சென்ற முறை அவன் இரு கைகளாலும் ஸ்டியரிங்கைத் திருப்பி ஆரவாரம் செய்தபோது, அவள் சிரித்துக்கொண்டே படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தினாள். உண்மையாகச் சிரித்தாள். நான் அதன்மேல் கையை வைத்து மறைத்தேன்.

“வேணாம்மா. எப்படியும் அந்தாளு கைக்குப் போயிடும்.”

 அவள் கைப்பேசியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.