பல்லடம் பஸ்ஸில் ஒரு மெல்லிய லேப்டாப்

காலை ஏழரைக்குச் சேவூரில் பஸ் ஏறினேன். 2008, மின்வெட்டு ஊரை வாட்டிக்கொண்டிருந்த நேரம். பின்னலாடை கம்பெனி ஒன்றில் எனக்கு மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டு ஆர்டருக்குத் துணி சரியாக ஓடுகிறதா என்று யூனிட் யூனிட்டாகப் போய்ப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு பைக் உண்டு, எனக்கு பஸ்தான். கூடவே மூன்று கிலோ லேப்டாப். அவிநாசி போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை தோள் மாற்றுவேன்.

தோளில் பூசிய தைலத்தின் வாசனையைப் பிடித்துவிட்ட மேனேஜர், போன வாரம் ஒரு யோசனை சொன்னார். புதிதாகச் சேர்ந்த பைக்காரரிடம் வெளிவேலையைக் கொடுத்துவிட்டு நான் ஆபீஸில் மெயில் பார்க்கலாமாம். வலிக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நாற்காலியைத் தேய்க்கவா இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன்? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதனால் இன்று பையில் வேறு பெட்டி. பெங்களூரில் வேலை செய்யும் சித்தி மகன் விற்கப்போகும் மெல்லிய லேப்டாப். "ஒரு நாள் தூக்கிட்டுச் சுத்திப் பாருங்கக்கா. புடிச்சா அம்பதாயிரம், மாசாமாசம் குடுங்க. புடிக்கலீன்னா திருப்பிக் குடுத்துருங்க" என்றான். அம்பதாயிரம் என்பது என் ஆறு மாதச் சம்பளம்.

அவிநாசியில் மாறினேன். திருப்பூருக்குப் பதினான்கு கிலோமீட்டர். ஷிப்டுக்குப் போகும் கூட்டத்தில் ஒற்றைக் காலுக்குத்தான் இடம். பின்னால் யாரோ செல்போனில் இந்திப் பாட்டு வைத்திருந்தார். உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி, இங்கே வழக்கம்போல, கேட்காமலேயே என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். உடனே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, உள்ள சோத்துப் போசி மட்டுந்தானுங்களா?"

கனத்த பழைய பெட்டியோடு பையை வாங்கியவர்கள் முகம் சுளித்துத்தான் பார்த்திருக்கிறேன். இவளோ சாப்பாட்டுப் பாத்திரத்தின் கனம்தான் என்கிறாள். பெட்டிக்கு முதல் மார்க் போட்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்டில் பல்லடம் பஸ் பிடித்து, பாதி வழியில் அருள்புரத்தில் இறங்கினேன். அங்கே செல்லமுத்து அண்ணனின் நிட்டிங் யூனிட்டில் எங்கள் கோடு போட்ட துணி ஓடுகிறது. கோடுகளின் டிசைன் ஒரு சிடியில் வந்திருந்தது. அதைப் பத்திரமாக எடுத்துப் போயிருந்தேன். பெட்டியைத் திறந்த பிறகுதான் உறைத்தது, இதில் சிடி போட இடமே கிடையாது. அதே நேரம் பார்த்துக் கரண்ட்டும் போனது. மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன.

செல்லமுத்து அண்ணன் மூலையிலிருந்த தன் பழைய கம்ப்யூட்டரைக் காட்டிச் சிரித்தார். "நம்மளுதுல சிடி போடலாமுங்க, கரண்ட் இல்லீங்க. உங்களுதுல கரண்ட் இருக்குது, சிடி போட முடியாதுங்க!"

பனியன் துணி இங்கே கிலோ கணக்கில்தான் விலை போகும். எதைப் பார்த்தாலும் தராசில் வைக்கக் கை பரபரக்கும். துணி ரோல் நிறுக்கும் பாட்டரித் தராசில் என் லேப்டாப்பைத் தூக்கி வைத்தார். ஒரு கிலோ முன்னூறு கிராம். விலையைக் கேட்டார், சொன்னேன்.

"எடை கொறைஞ்சா வெலையும் கொறையோணுமுங்களே! எந்த ஊரு நாயமுங்க இது?"

அசடு வழிய நின்றேன்.

கரண்ட் வந்ததும் அவர் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டு, பென் டிரைவில் ஏற்றி என் லேப்டாப்பில் பார்த்தேன். துணியில் பச்சைக் கோடு டிசைனை விட அகலமாக ஓடியிருந்தது. மெஷினை நிறுத்தச் சொல்லித் திருத்தினோம். நான் ஆபீஸில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பச்சை அப்படியே கப்பல் ஏறியிருக்கும். வெளியே வரும்போது வாசலில் நூல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மூட்டைகளின் மேல் எழுதியிருந்த நம்பர்களைப் பார்த்தேன். தராசுக்கு முன்னால் வராத பதில் அங்கே வந்தது.

மூன்று மணிக்குத் திருப்பூர் ஆபீஸ். பெட்டியைக் காட்டி விலையைச் சொன்னதும் மேனேஜரும் அதே தராசைத்தான் தூக்கினார்.

"வெயிட்டு கம்மியான ஐட்டத்துக்கு ரேட்டு ஜாஸ்திங்களா? ஏமாந்துராதீங்கம்மா. பேசாம ஆபீஸ்ல உக்காருங்க, பழைய பெட்டியே போதும்."

"சார், இருபதாம் நம்பர் நூலு தடிமனுங்க, நாப்பதாம் நம்பர் மெலிசுங்க. இந்த ரெண்டுல எதுக்குங்க நீங்க ஜாஸ்தி ரேட் குடுக்கறீங்க?"

"அது நூலுங்கம்மா."

"இது தோளுங்க சார்."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "அப்ப இனிமே பை கனக்குதுன்னு சொல்லக் கூடாது."

"நான் சொன்னதே இல்லீங்க, நீங்கதான் சொன்னீங்க. பல்லடம் ரூட்டு என்னுது. யாருக்கும் தர மாட்டேன்."

மேசையும் காரும் உள்ளவர்களுக்கு இந்தப் பெட்டி வீண் செலவு. சிடிக்காக அலைய வேண்டும், பார்க்கிறவர்களெல்லாம் விலை கேட்பார்கள். இந்தக் குறைகளை நான் மறைக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் போகிறவர்களுக்கு என் தீர்ப்பு வேறு.

மாலையில் அவிநாசி பஸ்ஸிலும் இடமில்லை, சேவூர் பஸ்ஸிலும் இடமில்லை. ஊரில் இறங்கி நடக்கும்போதுதான் கவனித்தேன், வழி நெடுக நான் ஒரு முறைகூடத் தோள் மாற்றவில்லை. அங்கேயே நின்று சித்தி மகனுக்குப் போன் போட்டேன்.

"பணம் மாசாமாசம் வந்துரும் கண்ணு. பெட்டி வராது."