பியானோக்காரிக்கும் ஒரு வணக்கம்

நான் ஒரு நாளும் பாலே ஆடியதில்லை. என் உடம்பும் அதற்கு ஒத்துவராது. ஆனாலும் பாலேயில் படிப்படியாக வைக்கிற கிரேட் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், கொண்டையில் தொடங்கி மூச்சுவிடாமல் சொல்வேன். பரீட்சை நடக்கும்போது பெற்றோரை எல்லாம் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். என்னை நிறுத்த முடியவில்லை. உள்ளே பியானோ வாசித்தவளே நான்தான்.

என் பிழைப்பு வேறு. கோலா சிலாங்கூருக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போடுகிற மேடையில் கணக்கெழுதும் கிராணி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஓர்கன் வாசிப்பேன். சின்ன வயதிலிருந்து வாசிக்கிறேன். அதில் எனக்கு நல்ல பெயர். எங்கள் கோயிலில் வயதானவர்கள் ஒவ்வொரு அடியின் கடைசி எழுத்தையும் மூச்சு முடியும்வரை இழுப்பார்கள். அவர்கள் இழுத்து முடிக்கும்வரை நான் விரலை எடுக்க மாட்டேன். யாருக்காவது இருமல் வந்தால்கூடக் காத்திருப்பேன். நான் வாசித்தால் பாட்டு யாரையும் விட்டுவிட்டு ஓடாது என்று சொல்வார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

டவுனில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மாடியில் சீன டீச்சர் ஒருவர் பாலே சொல்லித்தருகிறார். என் மகள் ஏழு வயதில் அங்கே சேர்ந்தாள். என் நாத்தனார் கேட்காத கேள்வியில்லை. காலைத் தூக்குவதற்கு வகுப்பா, அதற்கும் பரீட்சையா என்று சிரித்தாள். நான் திருப்பிக் கொடுத்ததை இங்கே எழுத முடியாது. டீச்சரிடம் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர் கோலாலம்பூருக்கு மாறிப்போனபோது, ஒரு கல்யாணப் பூசையில் என் வாசிப்பைக் கேட்டிருந்த டீச்சர் என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை வகுப்புக்கு வாசிக்கத் தொடங்கினேன்.

கோயில் பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோனேன். ஒரு பிள்ளை குதிக்கத் தாமதித்தால் சுரத்தைக் கொஞ்சம் பிடித்து வைப்பேன். திரும்பும்போது தடுமாறினால் அவள் நேராகும்வரை இழுப்பேன். பிள்ளைகளுக்கு என்னை ரொம்பப் பிடித்தது. டீச்சர் இரண்டொரு தடவை முகத்தைச் சுளித்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

போன வருடம் இரண்டாம் கிரேட் பரீட்சை. அன்றைக்கு நான் இல்லை, பதிவு செய்த இசை. என் மகள் தனியாக ஆடும் ஆட்டத்தில் நடுவழியில் ஓர் அடியை விட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். இசை அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கடைசிவரை அவள் அசையவில்லை. முகம் வீங்க அழுதபடி வெளியே வந்துதான் இதையெல்லாம் சொன்னாள். ஏதோ ஒட்டிப் பிடித்துத் தேறினாள், அவ்வளவுதான். இனிமேல் ஆடவே மாட்டேன் என்று காலணியைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தாள்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிள்ளை அடியை மறந்ததால் நிற்கவில்லை, இசை தனக்காகக் காத்திருக்கும் என்று நின்றாள், அப்படி நிற்கச் சொல்லிக்கொடுத்தது நீதான் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பியானோவின் மூடியைப் படாரென்று சாத்திவிட்டு மகளை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இவள் யார் எனக்குச் சொல்ல, நான் எத்தனை வருடமாக வாசிக்கிறேன் என்று காரில் கத்திக்கொண்டே வந்தேன். தோட்டத்துச் சாலையில் திரும்பும்போது பின்சீட்டிலிருந்து மகள் சொன்னாள்.

“டீச்சர் சொன்னது சரிதாம்மா. நான் உங்களுக்காகத்தான் நின்னேன்.”

ஊருக்கெல்லாம் காத்திருந்து பெயர் வாங்கி, என் பிள்ளையின் காலை நானே முடக்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மறு வாரம் திரும்பிப் போனேன். டீச்சர் மன்னிப்பெல்லாம் எதிர்பார்க்கவில்லை. கெடுத்தது நீ, சரிசெய்யவேண்டியதும் நீ, அடுத்த பரீட்சைக்கு நீயே உள்ளே வந்து வாசி என்றார். தாய் வாசிக்கலாமா என்று பரீட்சை நடத்துபவர்களிடம் கேட்டும் வைத்தார். வாசிக்கலாம், ஆனால் சாடைமாடையாக எதுவும் காட்டக்கூடாது என்று பதில் வந்தது. இந்தத் தடவையும் நடுவில் நின்றால் அடுத்த கிரேடுக்குப் பெயர் கொடுக்க மாட்டேன் என்று மகளிடமும் சொல்லிவிட்டார். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து காலணியை எடுத்தாள்.

கைபேசியில் டிக் டிக் என்று தாளம் தட்டும் செயலி ஒன்றை இறக்கினேன். லோரிகளுக்கு இடையில் கிடைக்கிற நேரத்தில் மேசைமேல் விரலால் வாசித்துப் பழகினேன். கிராணியம்மாவுக்கு நெஞ்சு படபடப்பா, டாக்டரைப் பாருங்கள் என்று டிரைவர்கள் கிண்டல் செய்தார்கள். வாய் பேசாமல் போ, குலை பழுத்தது பாதி பழுக்காதது பாதி, அதைப் பார் என்பேன். காத்திருக்காமல் இருக்கப் பழகுவது எத்தனை கஷ்டம் என்று அந்த மாதங்களில்தான் தெரிந்தது.

வகுப்பில் டீச்சர் சொன்னவையெல்லாம் எனக்கும் மனப்பாடம். தலையில் எண்ணெய் கூடாது, கொண்டை ஊசி வழுக்கிக்கொண்டு வரும். என் மகளின் இடுப்பளவு கூந்தலுக்கு ஒரு வலை போதாது, இரண்டு வேண்டும். தோடு, சங்கிலி, கையில் கட்டிய கயிறு எல்லாம் கழற்றவேண்டும். தேர்வாளர் மணி அடித்தபிறகுதான் உள்ளே போகவேண்டும். பயிற்சிகளின் பிரெஞ்சுப் பெயர்கள் காதில் விழுந்ததுமே கால் தயாராகவேண்டும். தொடக்க இசை முழுதும் கேட்டபிறகே அசையவேண்டும். தப்பு வந்தால் முகத்தில் காட்டாதே, நிற்காதே, இசை எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்துகொள். எல்லாம் முடிந்ததும் ஒரு காலைப் பின்னால் வைத்து, முட்டியை மடக்கித் தாழ்ந்து, முதலில் தேர்வாளருக்கும் அடுத்துப் பியானோக்காரிக்கும் வணக்கம்.

அந்தக் கடைசி வணக்கம்தான் என் மகளுக்கு வராது. ஒத்திகையில் தேர்வாளராக நின்ற டீச்சருக்கு அழகாகத் தாழ்வாள். என் பக்கம் திரும்பினால் சிரிப்பு வந்துவிடும். பெற்ற அம்மாவுக்கு எதற்கு இதெல்லாம் என்று கோழி கொத்துகிற மாதிரி ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஓடுவாள். டீச்சர் திட்டித் திட்டி ஓய்ந்துபோனார்.

பரீட்சை கிள்ளானில். என் கணவர் ஓட்டினார், நான் பின்னால் உட்கார்ந்து கொண்டையில் கடைசி ஊசிகளைச் செருகினேன். மகள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நான் நின்னுட்டா நீங்க என்னாம்மா பண்ணுவீங்க?”

“வாசிச்சிக்கிட்டே போயிருவேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

சரி என்று தலையாட்டினாள்.

தேர்வாளர் வெள்ளைக்காரப் பெண்மணி, நரைத்த முடி, மேசையில் ஒரு சின்ன மணி. சுவர்க் கண்ணாடியைத் திரைபோட்டு மூடியிருந்தார்கள். நான்கு பிள்ளைகள் மார்பில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு வந்தார்கள். கம்பியைப் பிடித்துச் செய்கிற பயிற்சிகள் நன்றாகப் போயின. தனி ஆட்டம் வந்தது. என் மகள் நடுவில் வந்து நின்றாள். தொடக்க இசையை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் எழும்பினாள். பாதிவரை பார்க்கக் கண் கொள்ளவில்லை. பிறகு ஒரு சுற்றில் தவறான பக்கம் திரும்பி, நின்றுவிட்டாள்.

என் வலதுகைச் சுண்டுவிரல் தானாகவே அந்தச் சுரத்தை அழுத்திப் பிடிக்கப் போனது. ஒரு நொடி பிடித்தால் போதும். தேர்வாளருக்குத் தெரிந்திருக்காமலும் போகலாம். மகள் என்னைப் பார்த்தாள். நான் பியானோவைப் பார்த்துக்கொண்டு விரலை எடுத்தேன், அடுத்ததற்குப் போனேன், அதற்கடுத்ததற்கும் போனேன். பெற்ற பிள்ளையை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. என் கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்போது மரத்தரையில் காலணி தேயும் சத்தம் கேட்டது. விட்டதை விட்டுவிட்டு, நான் வாசித்துக்கொண்டிருந்த இடத்துக்கே நேராகக் குதித்து வந்து சேர்ந்திருந்தாள். கடைசிச் சுரமும் அவள் கடைசி அடியும் ஒன்றாக விழுந்தன.

எல்லாம் முடிந்து நால்வரும் வரிசையாக நின்று தேர்வாளருக்குத் தாழ்ந்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்கள். என் மகள் சிரிக்கவில்லை. யாரோ ஒரு பெரிய மனுஷிக்குச் செய்வதுபோல், கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல், மெதுவாக, முழுதாகத் தாழ்ந்து எழுந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. சாடை காட்டக்கூடாது என்றிருந்ததால் தலையை மட்டும் அசைத்தேன்.

மெரிட் தரத்தில் தேறினாள், நாத்தனார் வீட்டுக்கே சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆனால் நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது சான்றிதழை இல்லை. அன்றைக்கு நாங்கள் வெளியே வந்ததும், காரருகில் காத்திருந்த என் கணவர் பயந்துகொண்டே அவளிடம் நின்றுவிட்டாயா என்று கேட்டார்.

“நான் நின்னுட்டேன்பா,” என்றாள். “அம்மா நிக்கல.”

சுற்றி நின்ற பெற்றோர்கள் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.