ஆறாம் நாள் பயிற்சியும் உன்னிச்சைக் கூட்டமும்

கேதீஸ்வரி பதினேழு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறாள். ஒரு பார்வையில் நாற்பது பிள்ளைகளை வாய் மூட வைக்கத் தெரிந்தவள். அப்படிப்பட்டவளுக்குத்தான், நாற்பத்திரண்டு வயதில், எப்படிப் படிப்பிப்பது, எப்படி ஆய்வு எழுதுவது என்று ஆறு நாள் பயிற்சி கொடுத்தார்கள்.

குற்றம் அவளுடையதுதான். பேசாமல் கல்லடி வீட்டில் இருந்திருக்கலாம். கலாநிதிப் பட்டத்துக்கென்று கீழ்க்கரை உயர்கல்வி நிறுவனத்தில் பதிந்துகொண்டாள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைக் கோடைச் சிறுபோகத்தில் எந்த வயல் வட்டைக்கு விடுவது, எதைத் தரிசாகப் போடுவது என்று விவசாயிகள் முடிவெடுக்கும் விதம்தான் ஆய்வு. மூன்று சிறுபோகக் கூட்டங்களை நேரில் பார்த்து எழுத வேண்டும். இரண்டு முடிந்துவிட்டன. வருஷத்துக்கு ஒரு கூட்டம்தான். அவளுடைய பதிவோ மார்கழியோடு முடிகிறது. இந்தத் திங்கட்கிழமை பதினொரு மணிக் கூட்டத்தைத் தவறவிட்டால் ஆய்வேடு அரைகுறை.

பயிற்சியையும் விட முடியாது. ஆறு நாளும் வந்து, பத்து நிமிடம் பாடம் எடுத்துக் காட்டினால்தான் சான்றிதழ். அது இல்லாமல் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். ஆய்வு எழுத நேரம் ஒதுக்குவது எப்படி என்று ஐந்து நாள் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஐந்தும் அவள் எழுதுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த சனி ஞாயிறுகள். ஆறாவது நாளை மட்டும், பிரதம அதிதிக்கு வசதிப்படவில்லை என்று, அதே திங்கட்கிழமைக்கு மாற்றினார்கள்.

பயிற்சிக்குப் பொறுப்பான சிவதர்ஷன் அவளைவிடப் பத்து வயது இளையவர். நல்ல பிள்ளை, ஆனால் ஒழுங்கு என்றால் உயிரை விடுவார். “ஒன்பது மணிக்கு முதல் ஆளாப் பாடத்தைச் செய்யுங்க மிஸ். நான் கையெழுத்து வெச்சுத் தாறன், நீங்க போகலாம்” என்று சொல்லியிருந்தார்.

ஒன்பது மணிக்குப் பிரதம அதிதி வரவில்லை. அவர் வந்து குத்துவிளக்கை ஏற்றாமல் எதுவும் தொடங்காதாம். மாலை தயார், தேத்தண்ணியோடு கடிக்கப் பட்டிஸ் தயார். கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கும் பன்னிரண்டு பேர் மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஒன்பதே முக்கால் ஆனதும் கேதீஸ்வரி எழும்பிப் போய், தீப்பெட்டியை எடுத்து ஐந்து திரியையும் கொளுத்தினாள்.

“என்ன மிஸ் இது?” என்றார் சிவதர்ஷன்.

“விளக்கு. இனித் தொடங்கலாந்தானே.”

அவர் வாயைத் திறக்குமுன் பாடத்தைத் தொடங்கிவிட்டாள். முடிக்கவும் அதிதி வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்.

சிவதர்ஷனுக்கு வியர்த்துவிட்டது. விளக்கை வாயால் ஊதக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்து, ஐந்து திரியையும் ஒவ்வொன்றாகப் பக்குவமாக எண்ணெய்க்குள் அமர்த்தினார். பிறகு மெழுகுதிரியைப் பற்றவைத்து அதிதியிடம் நீட்டினார். விளக்கு, மாலை, வரவேற்புரை எல்லாம் முடியப் பத்தரை.

கேதீஸ்வரி கையெழுத்துக்குப் படிவத்தைக் கொடுத்தாள்.

“நிகழ்ச்சி இப்பதானே மிஸ் தொடங்கியிருக்கு. அதுக்கு முன்னம் நடந்த பாடத்துக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிற?”

அவளுக்குத் தலை கொதித்தது. நேரே அதிதியிடம் போனாள். “சேர், நீங்க ஒரு மணித்தியாலம் பிந்திட்டீங்க. எனக்குப் பதினொரு மணிக்கு உன்னிச்சையில கூட்டம். உங்கட பேச்சுக்கு முன்னம் நான் பாடம் எடுக்கோணும்.”

பேராசிரியர் தலையாட்டிவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். இரண்டாந்தரம் அவள் படமும் காட்டவில்லை, குறிப்பும் பார்க்கவில்லை. உன்னிச்சை வாய்க்காலின் கடைமடைக்காரர் அழகரத்தினம் தன் வயலைத் தரிசாகப் போடுவதற்குப் போன வருஷம் தானே கை உயர்த்திய கதையை, ஏன் உயர்த்தினார் என்பதை, கோபத்தோடேயே சொல்லி முடித்தாள்.

“இத ஏன் நீங்க இப்பிடியே எழுதல்ல?” என்று கேட்டார் பேராசிரியர்.

“எழுத எங்க சேர் விட்டீங்க? எப்பிடி எழுதிற எண்டு கேட்டுக்கொண்டெல்லோ இருக்கிறன்.”

கையெழுத்து கிடைக்கும்போது பத்தே முக்கால். வழி முழுக்க எல்லோரையும் திட்டிக்கொண்டு ஸ்கூட்டரை முறுக்கினாள். பிந்தும் என்று ஒரு போன் எடுத்துச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. தன்னை அங்கே யாரும் எதிர்பார்ப்பார்கள் என்று அவள் நினைத்ததேயில்லை.

போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. கதிரைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அழகரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார்.

“உங்களைப் பாத்துக்கொண்டு அரை மணித்தியாலம் தொடங்காம இருந்தம், டீச்சர். மூணு வருஷமா எங்கட கதைய எழுதிற புள்ள, வராமத் தொடங்க ஏலாது எண்டு நான்தான் நிப்பாட்டி வெச்சன். நீர்ப்பாசன அதிகாரிக்கு வேற கூட்டம் இருக்காம். பொறகு ஒருத்தரையும் கதைக்க விடாம, கையைத் தூக்கச் சொல்லி, அவசரமா முடிச்சிட்டுப் போயிட்டார்.”

“உங்கட வட்டைக்கு?”

“இந்த முறையும் தண்ணி இல்ல. அதை விடுங்க. வெயில்ல வந்திருக்கிறீங்க, இதைக் குடியுங்க.”

காலையிலிருந்து அடுத்தவரைத் திட்டிக்கொண்டே வந்தவளுக்கு அந்தக் கோப்பையை வாங்கக் கை வரவில்லை.