கிள்ளான் கோயிலில் சிந்திய எண்ணெய்

போன மார்கழியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுத் தொங்குவிளக்கு தானாக ஆடியது. மறுநாளே கிள்ளானுக்குப் புறப்பட்டேன்.

நான் வேலை பார்க்கும் ஆபீசு, மலாயாவில் எங்கே நிலம் ஆடினாலும் விவரம் சேர்த்துச் சீமைக்கு அனுப்பும். உலகமெங்குமிருந்து வருவதை அங்கே ஒரே புத்தகமாக அச்சிடுகிறார்கள். பழைய புத்தகங்களைப் புரட்டினால், நம் பக்கத்து ஆட்டம் பெரும்பாலும் சுமத்ராவில் பிறந்தது என்று தெரியும். சுமத்ராவில், மேடானில்தான் என் தங்கை கமலம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஆறு வருஷமாக முகம் பார்க்கவில்லை. தந்தி கொடுத்தேன், பதில் இல்லை. விவரம் சேர்க்க ஆபீசு துரை அனுப்பாவிட்டாலும் போயிருப்பேன்.

காலை எட்டு மணி ரயில் வசதி. இருபத்திரண்டு மைல், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள், வழியெல்லாம் ரப்பர்த் தோட்டம். எனக்குக் கிடைத்தது, ஆனால் ஒன்றையும் பார்த்த நினைவில்லை.

ஸ்டேஷனருகே ஜவுளிக்கடையில் ஊசல் கடிகாரம் இருந்தது. ஆட்டத்தில் நின்றிருந்தால் நிலம் ஆடிய நேரம் கிடைக்குமே என்று கேட்டேன்.

“நின்னுச்சு தம்பி, உடனே ஓட்டிட்டேன்லா!” என்றார் கடைக்காரர் பெருமையாக.

“ஐயோ, எத்தனை மணிக்கு நின்னுச்சுண்ணே?”

“அதை யாரு பார்த்தா? நின்ன கடிகாரத்தோட வெள்ளிக்கிழமை கடை திறக்கச் சொல்றியா?”

அடுத்த மூன்று கடைகளிலும் இதே கதை. தலையில் அடித்துக்கொண்டேன். என் வீட்டுக் கடிகாரத்தை என் மனைவியும் இப்படித்தான் ஓட்டிவிட்டாள், அது வேறு விஷயம்.

பசியோடு அம்மன் கோயிலுக்குள் நுழைந்தேன். தரையில் நீளமாகத் திருநீறு கொட்டிக் கிடந்தது. பெருக்கிக்கொண்டிருந்த முனியம்மாள் பதறினாள்.

“மிதிக்காதீங்க தம்பி! நேத்து விளக்கு ஆடி எண்ணெய் சிந்திருச்சு. சாமி எண்ணெயில கால் படக்கூடாதுன்னு துன்னூறு போட்டு வச்சிருக்கேன்.”

அவளைக் கும்பிடலாம் போலிருந்தது. விளக்கு எந்தப் பக்கம் ஆடியதோ அந்தப் பக்கமாகவே கோடு விழுந்திருந்தது. ஆட்டம் பிறந்த திசையை அது காட்டும் என்பது எங்கள் ஆபீசுக் கணக்கு. திசைகாட்டியை வைத்துப் பார்த்தேன். மேடான் ஏறக்குறைய நேர் மேற்கில், கோடோ தெற்கே சாய்ந்திருந்தது.

“என்ன தம்பி, கண்ணு கலங்குது?”

“தங்கச்சி இருக்கிற பக்கம் காட்டலக்கா.”

“அப்ப நல்லாத்தான் இருப்பா,” என்று குங்குமம் கொடுத்தாள்.

திரும்பி வந்து சொன்னபோது, ஒரு கோட்டை மட்டும் நம்ப முடியாது, பல ஊர் விவரம் சேரவேண்டும் என்றார் துரை. எனக்கும் தெரியும். தெரிந்தும் அன்றிரவு அதை நம்பித்தான் தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்துக் கமலத்தின் கடிதம் வந்தது. எல்லாரும் சுகமாம். ‘இங்கே விளக்கு ஆடியது, அண்ணா. அங்கேயும் ஆடியதா?’ என்று கேட்டிருந்தாள். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேனோ!

கிள்ளானுக்குப் போகிறவர்கள் அந்தக் கோயிலுக்கும் போய்வாருங்கள். முனியம்மாள் இருந்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். நிலம் ஆடினால், கடிகாரத்தை ஓட்டுமுன் தயவுசெய்து மணியைப் பாருங்கள்.

போன வாரம் சீமையிலிருந்து புதுப் புத்தகம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே, ஆட்டம் உணர்ந்த ஊர்கள் என்று அச்சிட்டிருந்தார்கள்: மேடான், கோலாலம்பூர், கிள்ளான். ஆறு வருஷத்தில் கமலமும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது அங்கே மட்டும்தான்.